ஆண்களுக்கும் இடம் உண்டு

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது, அண்ணா. நடுவில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அப்படிப் போனவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதலில் காபியைக் குடியுங்கள். உங்கள் பெண் மேலே பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள், இறங்கி வர நேரமாகும்.

நீங்கள் கேட்டது தப்பே இல்லை. பரமக்குடியிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு ஒரு ராத்திரி இந்த முன்னறையில் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன், காலையில் பிள்ளையை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறீர்கள். பூங்கோதை அக்கா ஹாஸ்டலில் அப்பாக்களைப் படுக்க விடுவார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விட்டேன். பொய்யில்லை. இப்போது விடுவதில்லை. ஏன் என்று சொல்லாமல் உங்களை அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

பூங்கோதை நான்தான். எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றவள். நூல் மில்லுக்குப் போனேன், கல்யாணமானது, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், இந்த வீடு மட்டும் நின்றது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக முளைத்ததும் நான்கு கட்டில் வாங்கிப் போட்டு ஹாஸ்டல் என்று பெயர் எழுதினேன். மற்ற ஹாஸ்டலில் ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? இந்தக் கேட்டுக்குள் வந்த பெண் பத்திரமாக இருப்பாள் என்கிற பேச்சு இருக்கிறது. அது மட்டும்தான். அந்தப் பேச்சு போய்விட்டால் நான் கட்டிலையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு மறுபடி மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்காக நீளமாக ஒரு கறை தெரிகிறதல்லவா? அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. அகலமான பெஞ்சு, ஆள் புரண்டு படுக்கலாம். பெண்ணைக் கொண்டுவந்து விடுகிற அப்பா எல்லாரும் முதல் ராத்திரி அதில்தான் படுப்பார்கள். தேனிக்காரர், ராமநாதபுரத்துக்காரர், விருத்தாசலத்துக்காரர் என்று எத்தனை பேர் சாய்ந்த கறை அது. காலையில் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு, "தைரியமாப் போறேன் அம்மா" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. இருக்கக் கூடாதா?

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

ஹாஸ்டல்களை எல்லாம் நெட்டில் போட்டுக் காட்டுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள். தனபால் என்று ஒரு ஆள் அங்கிருந்து வந்தான். சட்டையில் கம்பெனி அட்டை தொங்கவிட்டிருந்தான், கையில் பலகை மாதிரி பெரிய போன். நல்ல பையன்தான், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டான். படம் பிடித்தான். தண்ணீர் எப்படி, சாப்பாடு சைவமா, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டுக் கேட்டுத் தட்டினான்.

"ஆம்பளைங்க ஆராச்சும் தங்குவாங்களாங்க்கா?"

"பொண்ணைக் கொண்டாந்து உடற அன்னிக்கு அப்பன் தங்குவாரு. கூடப் பொறந்தவன் வந்தாலும் தங்குவான். இந்த முன்னறையில. பாவம், அவ்ளோ தூரம் வந்துட்டு எங்க போவாங்க?"

"செரிங்க்கா" என்று அதையும் தட்டிவிட்டுப் போனான். நான் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

முதலில் ஒரு போன் வந்தது. ஆண் குரல்.

"மேடம், ஷேரிங்கா சிங்கிளா?"

"ஆருக்குங்க?"

"எனக்குத்தாங்க."

"இது லேடீஸ் ஹாஸ்டலுங்க."

"நெட்ல போட்டிருக்கே மேடம்."

"நெட்ல போட்டவன் ஊட்டுக்கே போய்த் தங்கிக்கப்பா" என்று வைத்துவிட்டேன். குடித்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு பையன்கள் தோளில் பையோடு கேட்டில் வந்து நின்றார்கள். அப்புறம் ஒருத்தன். கேட் திறந்து கிடந்த நேரம், நான் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், அவன் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டான். மேலே பிள்ளைகள் தலைக்குக் குளித்துவிட்டுத் துணி உலர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் அலறின சத்தம் கேட்டு நான் கத்தியோடு ஓடினேன். கீரை நறுக்குகிற கத்திதான், ஆனால் அவன் இறங்கின வேகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போனைத் தூக்கிக் காட்டுகிறான். "நானாவா வந்தேன்? நீங்கதானே போட்டிருக்கீங்க?"

அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வீட்டுப் படம், கேட், செம்பருத்திச் செடி எல்லாம் இருக்கிறது. "பூங்கோதை மகளிர் விடுதி" என்று இருக்கிறது. அதற்குக் கீழே பச்சை எழுத்தில், "ஆண்களுக்கும் இடம் உண்டு."

சொல்லுங்கள் அண்ணா. மகளிர் விடுதி என்று எழுதின கைக்கு அடுத்த வரியில் அப்படி எழுத எப்படி மனசு வந்தது? எழுதினது மனுசனாக இருந்தால் கை கூசாதா?

அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். "ஏனுங் பூங்கோதை, எங்களையெல்லாம் ஆருன்னு நெனச்சீங்க? கலந்து தங்கற எடமாமா அது?" மறுநாளே கார் எடுத்து வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள், என் ரசம் அவளுக்குப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரி மாரியம்மன் கோயிலில் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் குனிந்து ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

தனபாலுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. கம்பெனி நம்பருக்குப் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள், ஆளே கிடையாது.

அப்போது மாடியில் உமையாள் இருந்தாள். தேவகோட்டைப் பெண். கம்ப்யூட்டரில் மற்றவர்கள் எழுதினதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலையாம் அவளுக்கு. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைக்கச் சொல்லி, "இதை ஆருடி எழுதினது, கண்டுபிடி" என்றேன்.

அவள் அந்தப் பச்சை எழுத்தின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். சின்னதாக ஒரு பட்டியல் விழுந்தது. அதன் அடியில் இன்ஸ்பெக்ட் என்று இருக்கும். அதைத் தட்டினதும் திரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் என் வீடு, இன்னொரு பாதியில் புழு புழுவாக எழுத்து. அந்த எழுத்துக்கு நடுவில் என் வரி. அவள் அதைத் தொட்டதும் இந்தப் பக்கம் நீலமாகப் பளிச்சிடுகிறது.

"கண்டுபுடிச்சிட்டியே" என்றேன். "ஆரு எழுதினது?"

"அது இதுல தெரியாதுக்கா. இது வந்து சேந்தது மட்டுந்தான். உண்டாக்குறது அவங்க கம்ப்யூட்டர்ல. எல்லா ஹாஸ்டலுக்கும் ஒரே அச்சு வச்சிருப்பாங்க. இன்னது இருந்தா இந்த வரியப் போடு, இல்லாட்டி போடாதேன்னு அதுல எழுதியிருக்கும். அந்த அச்சு இங்க வராது. அதுலேர்ந்து வார்த்தெடுத்ததுதான் வரும்."

"இவ்ளோ எழுத்து ஓடுது, அது மட்டும் வராதா?"

"வராதுக்கா. நீங்க இட்லி அனுப்புறீங்க. தட்டுல இட்லிதானே வரும், அடுப்படி வராதுல்ல?"

"இட்லியப் பிட்டா நான் சொல்லுவேன், உளுந்து கம்மியா, அரிசி பழசான்னு."

"சொல்லுவீங்க. உப்ப யார் போட்டாங்கன்னு சொல்லுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பெண், சம்பளம் வாங்குகிற பெண், கண்ணுக்கு முன்னால் வரி பளிச்சிடுகிறது, யார் எழுதினது என்று கேட்டால் உப்பு, இட்லி என்கிறாள். நான் கண்ணைக் கசக்கினதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது போல. "அழாதீங்கக்கா, இங்க பாருங்க" என்று அந்த வரியின் மேல் கையை வைத்து அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். போய்விட்டது. அண்ணா, சத்தியமாகப் போய்விட்டது. பச்சை எழுத்து இருந்த இடம் துடைத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

"இப்படி வேணா அழிக்கலாம். ஆனா அக்கா..." என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்து போய்விட்டேன். போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்தது, இனி என்ன 'ஆனா'?

அடுப்பை அணைத்ததும் முதல் வேலையாக, பெண்ணை அழைத்துக்கொண்டு போன அந்தக் கோபிச்செட்டிபாளையத்துக் கோபி அம்மாவுக்குப் போன் செய்தேன். "அழிச்சாச்சுங்க, நீங்களே எடுத்துப் பாருங்க" என்றேன். இன்னும் இரண்டு மூன்று அம்மாக்களுக்கும் சொன்னேன். கோபி அம்மா கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார்கள். "இருக்குதுங்களே. பொய் வேற சொல்றீங்களா?" என்றார்கள்.

நான் பொய் சொல்கிறேனாம். என் கண்ணால் அழிந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்ன நான் பொய்க்காரி.

காலையில் பார்த்தால் வரி இருக்கிறது. அதே இடம், அதே பச்சை. நாம் அழித்ததை யாரோ திரும்ப எழுதியிருக்கிறார்கள். வேறு என்ன நினைப்பது, நீங்களே சொல்லுங்கள். கோலத்தை அழித்தேன், காலையில் மறுபடி கோலம் இருக்கிறது என்றால் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கோலம் தானாக முளைக்குமா?

உமையாளைக் கேட்டு நானே அழிக்கக் கற்றுக்கொண்டேன். கஷ்டமில்லை. வலது பக்கம் தட்டு, பட்டியல் விழும், கடைசிச் சொல்லைத் தட்டு, வரியைப் பிடி, அழி. ரசீது அடிக்க இந்த மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில்தான். வாசல் தெளித்துவிட்டு வந்து அழிப்பேன். அழித்த கையோடு பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், திருடன் நுழையக் கூடாதே. மறுநாள் போட்டால் வரி உட்கார்ந்திருக்கும். அழிப்பேன். மறுநாள் இருக்கும். ஆனி போய் ஆடி வந்துவிட்டது, நான் அழித்துக்கொண்டே இருக்கிறேன், அவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கு இவ்வளவு வன்மம்? நான் யார் குடியைக் கெடுத்தேன்?

ராத்திரி வைஃபையை அணைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "அக்கா, அமெரிக்காக்காரன் அப்பத்தான் பேசுவான்" என்றார்கள். "அவனைப் பகல்ல பேசச் சொல்லு" என்றேன். வைஃபை இல்லாத ராத்திரியும் விடிந்தால் வரி இருக்கிறது. அப்படியென்றால் சொந்தமாக நெட் வைத்திருக்கிற ஆள். இந்த வீட்டில் சொந்தமாக நெட் வருகிற சின்ன டப்பா வைத்திருந்தது யார்? உமையாள். எடுக்கத் தெரிந்தவளுக்குத்தானே போடத் தெரியும்?

நான் உடனே எதுவும் சொல்லவில்லை. அவசரக்காரி இல்லை நான். கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சாம்பார் ஊற்றும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். "என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அழித்துக்கொண்டிருக்கும்போது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் செய்வதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, தினம் இதையா செய்யிறீங்க?"

"ஏன், செய்யக் கூடாதா? எவளோ தினம் எழுதும்போது நான் தினம் அழிக்கக் கூடாதா?"

சிரித்துவிட்டாள், அண்ணா. என் வயிறு எரிகிறது, அவள் சிரிக்கிறாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, "சாரிக்கா, அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. இது அழியவே இல்ல" என்றாள். வட்டமாக வளைந்த அம்புக்குறி ஒன்றைத் தட்டினாள். நான் அப்போதுதான் அழித்த வரி, பல்லிளித்துக்கொண்டு வந்து நிற்கிறது.

"நீதான் எதையோ அமுக்கினே."

"மறுபடி அனுப்பச் சொன்னேன், அவ்வளவுதான். அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது அப்படியே வருது. நாம இங்க அழிக்கிறது நம்ம ஸ்கிரீன்ல மட்டும்." நான் நம்பாமல் பார்ப்பதைக் கண்டு, "இருங்க, காட்டுறேன்" என்று அதே இன்ஸ்பெக்ட்டைத் திறந்தாள். என் ஹாஸ்டல் பெயர் இருந்த இடத்தில் தட்டித் தட்டி எழுதினாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: "பூங்கோதை அரண்மனை. யானை கட்ட இடம் உண்டு."

"பாத்தீங்களா? நான் என்ன வேணா எழுதலாம்க்கா. என் இஷ்டத்துக்கு. ஆனா நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்."

என் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். என் கண் முன்னால் எழுதியும் காட்டிவிட்டாள். யானை கட்ட இடம் உண்டு என்று எழுதத் தெரிந்தவளுக்கு ஆண்களுக்கு இடம் உண்டு என்று எழுத எவ்வளவு நேரம்? இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"பெட்டியக் கட்டு" என்றேன்.

"அக்கா?"

"உப்பு யாரு போட்டாங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. பெட்டியக் கட்டு."

"நான் எழுதியிருந்தா உங்க போன்லயும் யானை வரணும்லக்கா? உங்க போன எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு தடவ பாருங்க" என்று மேஜை மேல் இருந்த என் போனை நீட்டினாள். "எம் போனை எதுக்குடி தொடறே?" என்று பிடுங்கிக்கொண்டேன். பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? போனிலும் ஏதாவது வித்தை காட்டுவாள்.

அவள் அப்பா தேவகோட்டையிலிருந்து வந்தார். மெல்லிய மனிதர், வெள்ளை வேட்டி, அதிகம் பேச மாட்டார். அவள் பெட்டியை இறக்குகிற வரைக்கும் அந்தப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன். டம்ளரைத் தொடவில்லை. ஆறி ஏடு படிந்துவிட்டது. எழுந்திருக்கும்போது பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். "இதுலதான் அன்னைக்குப் படுத்தேன் அம்மா. வீட்ட விட்டு வந்தா எனக்குத் தூக்கமே வராது. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். திட்டாமல் போனார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

அவள் போன மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். வரி இருந்தது.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். என் நிலைமையில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் அன்றைக்கு மத்தியானமே இன்னொருத்தன் கேட்டில் வந்து நின்று, "கட்டில் ஜன்னலோரம் கிடைக்குமா?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சேலையை மாற்றிக்கொண்டு நேராக அந்தக் கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டேன். காந்திபுரத்தில் இரண்டாவது மாடி. கண்ணாடிக் கதவு. உள்ளே போய் நான் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார்கள்.

தனபால் ஓடி வந்தான். "அக்கா, அக்கா, உக்காருங், தண்ணி குடிங்."

"உன்ற தண்ணி எனக்கெதுக்கு? என்ற ஊட்டுல எந்த ஆம்பளை தங்கறான்? காட்டு."

அவன் தன் கம்ப்யூட்டரைத் திறந்தான். இது உமையாள் காட்டினது மாதிரி இல்லை. இது உள்பக்கம், நமக்கு வராத பக்கம். அதில் நான் சொன்னதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. தண்ணீர், சைவம், கேட் பூட்டுகிற நேரம். அதற்குக் கீழே: ஆண்கள் தங்க அனுமதி, ஆம்.

"நீங்க சொன்னதுதானுங்க்கா. ஆமான்னு இருந்தா அந்த வரி தானா வந்துருமுங்க. ஆரும் தனியா எழுதறதில்லீங்."

"நானா சொன்னேன்? நான் அப்பனைச் சொன்னேன்."

"அப்பாவும் ஆம்பளைதானுங்களே அக்கா."

"அப்பன் ஆம்பளையாடா?" என்று கேட்டேன். "உங்கொப்பனை ஆரு ஆம்பளைன்னு பாக்கறாங்க? பொண்ணைக் கொண்டாந்து உட்டுப்போட்டு, கண்ணு கலங்கி, செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போற ஆளு ஆம்பளையா?"

அந்த ஆபீசில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

தனபால் மெதுவாகச் சொன்னான். "ஆமா, இல்லை, ரெண்டுதானுங்க இருக்குது. அப்பாவுக்குத் தனிக் கட்டம் இல்லீங்க."

"கட்டம் போடு."

"அந்த அச்சு எங்க கையில இல்லீங்க்கா. பெங்களூர்ல ஒருத்தர் எழுதினது, அவரு வேலைய உட்டே போயிட்டாரு. அதைத் தொட்டா எல்லா ஹாஸ்டல் பக்கமும் மாறிப் போயிருமுங்க. உங்களுக்கு மட்டும்னு மாத்த முடியாதுங்."

பாருங்கள் அண்ணா. யார் எழுதினது என்று ஆனி முழுக்க, ஆடி முழுக்க நான் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன், இன்னும் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். எழுதினவன் என்னைப் பார்த்ததே இல்லை. என் கேட்டைப் பார்த்ததில்லை. எங்கேயோ உட்கார்ந்து ஒரு அச்சு செய்து வைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனை எங்கே போய்ப் பிடித்து உலுக்குவது?

"இல்லைன்னு போட்டரலாங்களா?" என்றான் தனபால். "போட்டா வரி இப்பவே போயிரும். ஆனா ஒண்ணுங்க்கா. இல்லைன்னு போட்டுட்டு, ஆராச்சும் ஆம்பளை தங்கியிருக்கறதப் பாத்து எழுதிப்போட்டா, பொய்த் தகவல்னு உங்க ஹாஸ்டலையே எடுத்துருவாங்க."

"போடு" என்றேன்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். நான் எத்தனை காலை அழித்தேன், அவன் ஒரு தட்டில் முடித்துவிட்டான்.

வெளியே வந்து படியில் நின்றுகொண்டே உமையாளுக்குப் போன் செய்தேன். வரி போய்விட்டது, ஜன்னலோரக் கட்டில் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று சொல்லலாம் என்றுதான். எடுக்கவில்லை. அப்புறமும் செய்தேன், எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மணியே அடிப்பதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோஷம் அதிகம். நான் கட்டில் கொடுக்கிறேன் என்கிறேன், அதுவும் ஜன்னலோரக் கட்டில், அப்புறம் என்ன? அவளும் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்புக்காரிக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? இட்லி, தட்டு, அடுப்படி என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

சரி, அது போகட்டும். உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். என்னுடையதில் பார்த்தாயிற்று, உங்களுடையதில் பார்க்க வேண்டும். என் திரையில் இல்லை என்றால் என் திரையில் இல்லை, அவ்வளவுதான். வருகிற அப்பாக்கள் எல்லாரையும் அவரவர் போனில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். பூங்கோதை மகளிர் விடுதி. ஆமாம், அந்தச் செம்பருத்தி. கீழே தள்ளுங்கள். பச்சையாக ஏதாவது இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள். இல்லையே? இல்லை. அப்பாடா.

நெட்டில் இல்லை என்று இருக்க வேண்டுமென்றால் இந்த வீட்டிலும் இல்லை என்று இருக்க வேண்டும். அதனால்தான் பெஞ்சை எடுத்துவிட்டேன். பெஞ்சு இருந்தால் என் வாய் சும்மா இருக்காது, படுங்கள் அண்ணா என்று சொல்லிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறேன், அதற்கு மேல் பிள்ளைகள் வந்தால்தான் திறப்பேன். அப்பா, அண்ணன், தம்பி, யாராக இருந்தாலும் அதற்கு முன்னால் வெளியே போய்விட வேண்டும். கேட்டில் இரும்புச் சங்கிலி புதிதாகப் போட்டிருக்கிறேன், வரும்போது பார்த்திருப்பீர்கள். இப்போது எவனும் பையோடு வருவதில்லை. கோபி அம்மா கூடத் தெரிந்த பெண் ஒருத்தியை அனுப்புகிறேன் என்றிருக்கிறார்கள்.

உங்கள் பெண் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. பேசுங்கள், நான் உள்ளே போய்விடுகிறேன். பேசிவிட்டுக் கிளம்புங்கள். பரமக்குடி பஸ் சிங்காநல்லூரிலிருந்து, ராத்திரிக்கும் இருக்கிறது. மனசு கேட்கவில்லை, காலையில் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றால், எதிரில் டீக்கடை இருக்கிறதே, அதன் வாசலில் ஒரு அகலமான பெஞ்சு கிடக்கிறது. நம்முடையதுதான். நான்தான் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மாடி ஜன்னல் தெரியும், விளக்கு எரிவது தெரியும்.

டம்ளரை அங்கேயே வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படி இறங்கினதும் சங்கிலியைப் போட வேண்டும்.